ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம்

பாப்பா,

போன புதன்கிழமை நீ போன் பண்ணி, உங்கள் இரண்டு பேருக்கும் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறோம், மீன் வியாபாரத்தை இதோடு விட்டுவிடுகிறோம் என்று சொன்னாய். நான் "சரிம்மா, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருஷம் அரசாங்க பஸ் ஓட்டி, எதிரே வருகிற லாரிக்காரனிடமும் நடுரோட்டில் மாடு பிடித்துக்கொண்டு போகிறவனிடமும் கத்தியே தொண்டையைத் தேய்த்தவன் நான். எனக்குப் பேச வராது என்று இந்தக் கறம்பக்குடிப் பக்கத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உன்னிடம் போனில் பேச ஆரம்பித்தால் மட்டும் இரண்டாவது வார்த்தையிலேயே போனை வைக்கத்தான் கை போகிறது, இல்லையென்றால் கோபம் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

இதை உனக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், உன்னைப் போன்ற பிள்ளையைப் பெற்றுவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்கிற வேறு அப்பா அம்மாக்களும் படித்தால் நல்லது என்று தோன்றுகிறது. அதற்காகவே உன் பெயரை எங்கும் எழுதவில்லை. உன்னோடு இருக்கிற பிள்ளைக்கு வனிதா என்று வேறு பெயர் போட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். உங்களைக் கேட்காமல் ஊருக்குச் சொல்லி நான் பட்டதும் உங்களைப் படுத்தியதும் போதும்.

நீயும் வனிதாவும் வெறும் சிநேகிதிகள் இல்லை, கல்யாணம் பண்ணிக்கொண்ட இரண்டு பேர் எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் வாழ்கிறீர்கள் என்று நீ வந்து சொன்ன அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்பதைத் திரும்ப எழுத எனக்குக் கை வராது. உனக்கு அது மறந்திருக்காது. நீ அதற்கு ஒரு சொல் கூடச் சொன்னாய், அழகான தமிழ்ச் சொல்தான், ஆனால் இன்றுவரை என் வாயில் அது ஒட்டவில்லை. நீங்கள் குடித்தனம் நடத்துகிறீர்கள். எனக்குப் புரிகிற சொல் அதுதான், அதையே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீயும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. புதுக்கோட்டையில் நீ ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாய், வனிதா பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறாள், வீடு பிடித்து இருக்கிறீர்கள் என்பதெல்லாம் உன் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது என் காதில் விழுந்ததுதான். ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் நான் ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கி, தேங்காயும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். அப்போது ஒரு நாள் உன் போன் வந்தது. "அப்பா, ஞாயித்துக்கெழம காலைல வண்டி வாடகைக்கு வருமா? கட்டுமாவடி போகணும்" என்று கேட்டாய். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. நானும் "வரும், டீசல் தனி" என்றேன். உண்மையைச் சொல்லட்டுமா? நீ வாடகை என்று கேட்டதால்தான் வந்தேன். அப்பா, வாங்க, பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தால் என் வீம்பு விட்டிருக்காது. என் புத்தி உனக்குத் தெரியும், அதனால்தான் அப்படிக் கேட்டாய். நானும் வெட்கமே இல்லாமல் பல மாதம் உன்னிடம் வாடகை வாங்கினேன்.

முதல் நாள் கட்டுமாவடிக் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்துத் திரும்பி வரும்போது அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம். உடம்பெல்லாம் மீன் கவிச்சியோடு நீங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தீர்கள். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பிழைப்பு எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டும் விட்டேன். வனிதாதான் சொன்னாள். முதலில் சேலை போட்டோ போட்டு விற்றுப் பார்த்தார்களாம். எல்லோரும் விலையைக் கேட்டுவிட்டுக் காணாமல் போனார்களாம். அப்புறம் சாயங்காலம் டியூஷன் எடுத்தாளாம். டீச்சருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கூட இருக்கிறது யார் என்று தாய்மார்கள் துருவ ஆரம்பித்ததும் ஒவ்வொரு பிள்ளையாக நின்றுவிட்டதாம். அப்புறம் ஒரு மாதம் கொஞ்சமாக மீன் வாங்கி விற்றுப் பார்த்தார்களாம். "மீனு விக்கும்போது யாரும் ஒண்ணும் கேக்கலங்கப்பா. ஃப்ரெஷ்ஷான்னு மட்டுந்தான் கேக்குறாங்க" என்றாள். அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது. டீ கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நாளைக்குச் செத்தால் உன் அம்மாவுக்கு பென்ஷன் வரும். அவளுக்குத் தாய்வீட்டு நகை இருக்கிறது, வீடு இருக்கிறது, என் தம்பிமார் வந்து நிற்பார்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் இன்னாரின் பெண்சாதி என்று சொன்னால் கடைக்காரன் அரிசி கொடுப்பான். உனக்கு ஒன்று ஆனால் வனிதாவுக்கு என்ன வரும்? அவளுக்கு ஒன்று ஆனால் உனக்கு என்ன வரும்? பள்ளிக்கூடத்தில் நாளைக்கே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் போய் நிற்பதற்கு அவளுக்கு ஒரு வீடு உண்டா? மற்ற பிள்ளைகளுக்குக் கல்யாணத்தோடு சேர்ந்து தானாக வந்துவிடுகிற பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு வராது. அத்தனையையும் நீங்களே சம்பாதித்து வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும்தான் ஓடும். மிச்சம் எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. இது எனக்கு உறைப்பதற்குப் பல மாதம் ஆனது. உறைத்த பிறகு வாடகை வாங்கவில்லை, அது உனக்குத் தெரியும். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன், அதுவும் நீ சண்டை போட்டதால்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல் நான் என் ஆயுசில் சந்தோஷமாக இருந்தது குறைவு. பஸ் ஓட்டும்போது ரோடு எனக்கு வேலை. உங்களோடு போகும்போதுதான் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்றே பார்த்தேன். படகுகள் வந்து மீனைக் கொட்டியதும் வனிதா கீழே உட்கார்ந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், நண்டைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றை அமுக்குவாள், ஏலம் விடுகிற ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலை சொல்லுவாள். நீ பக்கத்தில் நின்று போனில் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று வாசிப்பாய். சந்தைப்பேட்டைப் பக்கத்து அக்காவுக்கு இறால், பாங்க் சாருக்கு முள் இல்லாத மீன், பிள்ளை பெற்றிருக்கிற பெண்ணுக்குச் சுறா. உங்கள் வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கிணற்றடியில் அவள் வெட்ட, நீ கழுவி எடைபோட்டுப் பையில் போட, நான் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைக்க, பதினோரு மணிக்குள் புதுக்கோட்டை முழுக்கக் கொடுத்து முடித்துவிடுவோம். மிஞ்சியதைக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு தட்டு போடுவீர்கள். ஒரு தடவை நான் கேட்டேன், புதுக்கோட்டை மார்க்கெட்டிலேயே மொத்தமாக மீன் கிடைக்கிறதே, இவ்வளவு தூரம் எதற்கு டீசலைக் கொளுத்திக்கொண்டு போகிறோம் என்று. வனிதா, "எனக்கு அந்த ஊரு மீனுதாங்கப்பா தெரியும்" என்றாள். அவள் பிறந்த ஊர் அதுதான் என்பதும், அண்ணன்மார் அவளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மேலே கேட்கவில்லை.

இப்போது பொங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு ஞாபகப்படுத்துவதற்காக இல்லை, என் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்டதே இல்லை. நம் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் அப்பன் பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும். கரும்பும் புதுப்பானையும் பச்சரிசியும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் வாழைத்தாரும் இல்லாமல் எந்த அப்பனும் மகள் வீட்டு வாசலுக்குப் பொங்கலுக்கு முன்னால் போகமாட்டான். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் வருஷா வருஷம் கரும்புக் கட்டோடு கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். என் மகளுக்கும் குடித்தனம் இருக்கிறது, நான் மட்டும் ஏன் கையை வீசிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அரிசியைப் புடைத்தாள், மஞ்சளைக் கழுவிக் கட்டினாள். நான் போய் இரண்டு சேலை எடுத்து வந்தேன். இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து நடுவில் பூ வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரே தட்டுல வைக்காதீங்க. கரும்பயும் படுக்கப் போட்டு தார்ப்பாய மூடிக் கொண்டு போங்க. புள்ளைக இருக்கிறது வாடக வீடு."

எனக்கு வந்ததே ஆத்திரம். என் பிள்ளைக்கு நான் சீர் கொண்டுபோவதைத் திருட்டு மணல் மாதிரி மூடிக்கொண்டு போகச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கரும்பை வண்டியில் நிமிர்த்திக் கட்டி, தோகை ஆட ஆட உங்கள் தெருவுக்குள் வந்து ஹாரன் அடித்தேன். தெருவே வாசலுக்கு வந்தது. உங்கள் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, யாருக்கு அண்ணே சீர், பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சொல்லவே இல்லையே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொந்தக் கொல்லையில் விளைந்தது, சும்மா கொண்டுவந்தேன் என்றால் முடிந்தது. நான் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எம் மகளுக்கும் வனிதாவுக்கும் தலைப்பொங்கல் சீருங்க" என்றேன்.

தலைப்பொங்கல் யாருக்கு என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் யார்? வீட்டுக்கார அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நீ வாசலில் நின்றாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உன் அம்மா சொன்னது விளங்கியது. வனிதா மட்டும் இறங்கி வந்து, இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கொண்டுபோனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் தலையில் விழுந்தது. பொங்கல் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மீன் குரூப்பிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வேலைக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் என்று நினைத்து மீன் வாங்கினவர்களுக்கு, குடித்தனம் நடத்துகிற இரண்டு பிள்ளைகள் என்று தெரிந்ததும் அதே மீன் கசந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வனிதாவைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நாசூக்காகச் சொன்னார்கள். பிறகு நீங்கள் பிடித்த வீட்டில் கிணறும் இல்லை, பின்கட்டும் இல்லை. அந்தச் சின்ன பாத்ரூமில் உட்கார்ந்து எப்படி மீன் வெட்டுவது? குரூப்பை விட்டுப் போனவர்களில் சிலர் ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து, நண்டு வந்ததா என்று கேட்டார்களாம். நீ அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அப்பா, எல்லோரும் அப்படி இல்லை என்றாய். அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் திரும்பி வந்தது உங்களை ஏற்றுக்கொண்டு இல்லை. கடையில் மீன் நன்றாக இல்லை, அதனால் வந்தார்கள். அது போதும் உனக்கு. மீன் வாங்குகிறவர்களிடம் காசை வாங்கு, மரியாதையாக நடந்துகொள், பாசத்தை எதிர்பார்க்காதே. பாசம் வைக்கிறவர்கள் தனியாக இருப்பார்கள், ரொம்பக் கொஞ்சம் பேர் இருப்பார்கள்.

வியாபாரம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். நீ ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. போன புதன்கிழமை சென்னைக்குப் போகிறோம் என்று சொன்னபோதும், நல்ல வேலை அப்பா, சம்பளம் அதிகம் என்றுதான் சொன்னாய். எனக்குத் தெரியாதா? இந்த ஊர் போதும் என்றுதான் போகிறீர்கள். இந்த ஊரை உங்களுக்குப் போதும் என்று ஆக்கியதில் என் ஹாரன் சத்தமும் சேர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் முழிப்பு வந்துவிட்டது. பழகிய உடம்பு. படுத்துக் கிடக்க முடியவில்லை. உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கட்டுமாவடிக்குப் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் என்னைப் பார்த்ததும், "என்னங்க, புள்ளைக வரலியா?" என்றார். இரண்டு மூன்று வாரமாக வரவில்லை, இனிமேல் வருவார்களா என்று தெரியாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், கவிழ்த்துப் போட்ட படகுப் பக்கத்தில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் பார்த்திருக்கிறேன். யாரோ வலை பிரிக்கிற ஆள் என்று நினைத்திருந்தேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து என்னிடம் வந்தார்.

"நா வனிதாவோட அப்பங்க" என்றார்.

அவர் என்னைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். அவர் பேசியதை எல்லாம் எழுத முடியாது, பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விட்டது. மகன்கள் அவளைத் துரத்தினபோது இவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். இப்போதும் மகன்கள் கையில்தான் சோறு, படகும் அவர்கள் பெயரில், அதனால் பேச முடியவில்லை என்றார். அவள் வியாபாரியாக ஞாயிற்றுக்கிழமை வர ஆரம்பித்ததும், இந்த ஒரு நாள் மட்டும் வீட்டில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கரைக்கு வந்துவிடுவாராம். மீன் வாங்க வருகிறவளை வரக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா, காசு கொடுத்து ஏலம் எடுக்கிறவளை எந்த அண்ணன் தடுப்பான்? நான் கேட்டேன், இத்தனை நாள் வந்திருக்கிறாளே, ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே என்று. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது இம்புட்டுத் தூரம் வர்றது மீனுக்காவ இல்லீங்க. எனக்குத் தெரியும். நா இங்கன உக்காந்திருக்கிறது வலைக்காவ இல்லன்னு அதுக்கும் தெரியும். அது போதும்னு இருந்துட்டோம்."

பாப்பா, நீ அவள் பக்கத்திலேயே நின்றவள். உனக்கு இது தெரியுமா? அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாளா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், கத்தத் தெரியும், இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அவள் எப்போதும் அந்தப் படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் மீன் பார்ப்பாள். அவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீங்கள் இந்த வியாபாரத்தை வருமானத்துக்காக ஆரம்பித்தீர்கள், சரிதான், வருமானம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தான் பிறந்த ஊருக்குள் தலை நிமிர்ந்து வந்து போக இருந்த ஒரே வழியும் இதுதான். நான் அதை அடைத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் அம்மா பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வனிதாவிடம் சொல்லிவிடாதீர்கள், நான் பேசினேன் என்று தெரிந்தால் அது வருவதை நிறுத்திவிடும் என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அதனால்தான் அவளிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்பதை நீ முடிவு பண்ணு. அவளை என்னைவிட உனக்குத்தான் தெரியும். போகும்போது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என்ன சம்பளம், அது நன்றாகச் சாப்பிடுகிறதா, காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். என் மகள் பார்க்கிறாள் என்றேன். ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சென்னைக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். போங்கள். அங்கே இரண்டு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் யாரும் தலைப்பொங்கல் கணக்குப் பார்க்கமாட்டார்கள் என்கிறாய், அப்படியே இருக்கட்டும். ஆனால் போகிற இடத்தில் வேலை ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு சம்பளம் வரட்டும், அதற்குப் பக்கத்தில் உங்களுடையது என்று ஒரு தொழில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும், மீனோ ஊறுகாயோ எதுவோ. வருகிற காசை இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள். நான் பாங்கில் போய்க் கேட்டேன், சேர்ந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம், நாமினியாக அவள் பெயரை நீயும் உன் பெயரை அவளும் எழுதலாம், உறவு இருந்தால்தான் என்று இல்லை என்றார்கள். ஆளுக்கு ஒரு ஆஸ்பத்திரி பாலிசி தனித்தனியாக எடுத்துவிடுங்கள், அது கூடுதல் செலவுதான், செய்யுங்கள். எழுதி வைக்க வேண்டியதை எல்லாம் திடமாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். சண்டை வந்தால் போடுங்கள், காசு விஷயத்தில் மட்டும் ஒளிக்காதீர்கள். உன் அம்மாவுக்குத் தெரியாமல் நான் சீட்டுப் போட்டு ஏமாந்த கதை உனக்குத் தெரியும், அன்றைக்கு அவள் காசு போனதற்கு அழவில்லை, மறைத்ததற்குத்தான் அழுதாள்.

உன் அம்மாவைப் பற்றியும் ஒன்று. கட்டுமாவடியில் நடந்ததை வந்து சொன்னேன். கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வந்தாள். அப்புறம், "நம்ம வீட்டு மோட்டாரடில தண்ணி இருக்குல்ல, இங்கிட்டு வந்து வெட்டச் சொல்லுங்க" என்றாள். முருங்கைமரத்துக்குப் பக்கத்தில் கவிச்சி படக்கூடாது என்று என்னையே மீன் கழுவ விடாதவள். வனிதாவை அவள் இன்னும் பார்த்ததுகூட இல்லை. அதற்குமேல் அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் இப்போதைக்குக் கேட்காதே. வந்து வெட்டுங்கள், அவளே பேசுவாள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். அன்றைக்கு நான் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் திரும்பவும் வந்தார். கண்ணாடிப் பக்கம் குனிந்து, "அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி வருமாங்க, வராதாங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டார். நான் உன்னைக் கேட்கவில்லை. வனிதாவைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்காமல் இனி எதிலும் வாய் விடமாட்டேன் என்று இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் எழுதியவன்தான் நான். வரும் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் போட்டுவிடுகிறேன். வனிதாவைத் தயாராக இருக்கச் சொல்.

அப்பா